வாய் பார்க்காதவள்

அத்தியாயம் பதினொன்று

நூற்று நாற்பத்தாறு சரி அடையாளங்கள். எல்லாம் நீல மையில். எல்லாம் றுஸ்தாவின் கையால் போட்டவை.

சுபஹுத் தொழுகை முடிந்ததிலிருந்து அந்த மருந்து அட்டையை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அட்டையின் தலையில் இருந்த பெயர் அவளுடைய மச்சானுடையது. லாத்தா என்று அவள் கூப்பிடும் அக்கா நதீராவின் கணவன் றிஸ்கான்.

நேற்று மாலை கிளினிக்கிலிருந்து கிருசிகா மிஸ் போன் எடுத்திருந்தாள். றிஸ்கானின் ஐந்தாம் மாதச் சளியில் மறுபடியும் காசநோய்க் கிருமி. இரண்டாம் மாதத்தில் இல்லையென்று வந்த அதே கிருமி.

"றுஸ்தா, ஒண்டுதான் கேக்கிறன். ஒவ்வொரு நாளும் அவர் குளிசை விழுங்கினத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"அட்டையில சரி போட்டிரிக்கன்தானே மிஸ்."

"நான் அட்டையிட்டக் கேக்கல்ல. உங்களிட்டக் கேக்கிறன்."

றுஸ்தாவுக்குச் சுள்ளென்று வந்தது. கிருசிகா மிஸ் தொடர்ந்தாள்.

"முழுசாக் குடிச்சும் கிருமி நிண்டா, அது மருந்துக்கு அடங்காத கிருமி. அவரத் தூர ஆஸ்பத்திரி வாட்டுக்கு அனுப்ப வேணும். மருந்தும் வேற, காலமும் வேற. குடிக்காம விட்டிருந்தா அது வேற கதை. நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு டொக்டர் என்னட்டக் கேப்பார். உங்கட ஒரு வரிய வெச்சித்தான் அவர் யோசிக்கத் தொடங்குவார். அதுவரைக்கும் உங்கட மச்சானிட்ட ஒண்டும் சொல்லாதீங்க."

அந்த ஒரு வரிதான் இரவு முழுக்க அவளைத் தூங்கவிடவில்லை.

கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதிலாகக் கட்டிக் கொடுத்த தொடர்மாடி அது. நாலு தட்டு. ஒரு தட்டுக்கு எட்டு வீடு. எதிர் வீட்டில் மீன் பொரித்தால் இந்த வீட்டுச் சாறியில் மணக்கும். எதிர் வீட்டில் இருமினால் இந்த வீட்டுக் கதவு கேட்கும். அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள் ஆறு மாதம் தினமும் கிளினிக் வாசலில் நிற்க முடியுமா? முடியாது. ஆகவே மருந்து அவர்களுடைய படிக்கட்டுக்கே வந்தது. அக்கம்பக்கத்தில் ஒருவர் பொறுப்பு. நோயாளி அவர் கண்முன்னால் விழுங்க வேண்டும், அவர் பார்க்க வேண்டும், பார்த்த பிறகு சரி போட வேண்டும். தொடர்மாடிச் சனம் அதற்குப் 'பாத்திருக்கக் குடிக்கிற மருந்து' என்று பெயர் வைத்திருந்தது.

றுஸ்தா பட்டம் முடித்து ஒரு வருடம். அவளுடைய குடும்பத்தில் கெம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள். அரசாங்கம் இன்னும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டது கிளினிக். தந்தது, லாத்தாவோடு அவள் இருக்கும் வீட்டின் முன்னறையில் போட ஒரு பிளாஸ்டிக் மேசையும் நாலு நோயாளிகளின் அட்டைகளும். "பீ.ஏ. படிச்சிட்டுக் குளிசை குடுக்காள்" என்று மூன்றாம் தட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். தன் நாலு பேரும் சுகமாகிக் காட்டினால் போதும் என்றிருந்தாள்.

ஆறரைக்கு முதல் ஆள் வந்தார். அழகரெத்தினம். பாண்டிருப்பிலிருந்து வந்து கீழ்த் தட்டில் மகளோடு இருப்பவர். கல் லொறியில் வேலை. குளிசைகளை ஒரே வீச்சில் போட்டு, தண்ணீரைக் குடித்து, யாரும் கேட்காமலே வாயை ஆவென்று திறந்தார்.

"நல்லாப் பாருங்க மிஸ். முன்னுக்கு ரெண்டு பல்லு இல்ல, பின்னுக்கு மூணு இல்ல. ஒளிக்கிறதுக்கு இஞ்ச எடமே இல்ல."

வழக்கமாகச் சிரிப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாக்கத் தூக்கட்டா?"

"வாணாம் ஐயா. போதும்."

"மற்றாக்கள்ட்டயும் இப்பிடித்தான் பாக்கிறீங்களோ? இல்லாட்டி என்ட வாய் மட்டும்தான் உங்களுக்குக் காட்சிச்சாலையோ?"

அவர் படியிறங்கிப் போய்விட்டார். கேள்வி மேசையிலேயே இருந்தது.

எல்லாரிடமும் பார்க்கிறாள். மூன்றாம் தட்டு றபீக்காவின் வாய்க்குள் டோர்ச் கூட அடித்துப் பார்த்திருக்கிறாள். ஒரே ஒரு ஆளிடம்தான் பார்ப்பதில்லை.

மச்சான் குளிசையை எடுக்கும்போது அவள் முக்காட்டை இழுத்துவிட்டு முகத்தை உள்சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். லாத்தாவின் கணவன். அந்நிய ஆண். அவர் வாயை அண்ணாந்து விழுங்குவதை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது எந்த ஊர் மரியாதை? அதோடு இன்னொன்றும் இருந்தது. ஒரு மனிசன் வாயில் எதையாவது போடும்போது பார்க்கக் கூடாது, கண்ணூறு படும். அது அவளுக்கு ஐந்து வயதிலேயே தொடையில் கிள்ளிச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம்.

கிள்ளியது நதீரா. கடல் வந்த வருடம், பள்ளிக்கூடத்து அகதி முகாமில். உம்மாவும் வாப்பாவும் இல்லாமல் மூன்று பிள்ளைகள். நதீராவுக்குப் பதினான்கு, இன்ஸாபுக்கு எட்டு, றுஸ்தாவுக்கு ஐந்து. சோற்றுப் பார்சல் கிடைத்தவர்கள் உண்ணும்போது றுஸ்தா அவர்களுடைய வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "மத்தாக்கள்ட வாய் பாக்காத புள்ள" என்று ஒரு கிள்ளு. பிறகு தன் பங்கில் பாதியை உருட்டி அவளுக்கு ஊட்டுவாள் நதீரா. கிள்ளும் உருண்டையும் ஒன்றாக வந்ததால், அந்தப் பாடம் றுஸ்தாவுக்கு மறக்கவே இல்லை.

ஏழு மணிக்கு உள்ளறையிலிருந்து றிஸ்கான் வந்தார். ஓட்டோச் சாவி விரலில் சுழன்றது. மெலிவு கூடியிருந்தது.

"ஆ, கிறாஜுவேட் மிஸ்! மருந்து ரெடியா?"

இதே மனிசன்தான் நாலு வருடம் மழை வெயில் பாராமல் ஒலுவில் கெம்பஸுக்கு அவளை ஏற்றி இறக்கியவர். இறுதிப் பரீட்சை அன்று வெள்ளம் வந்தபோது, ஓட்டோவை விட்டிறங்கி இடுப்பளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனவர். சொந்த அண்ணன் இன்ஸாப் காக்காவை விட இந்த மச்சானிடம்தான் றுஸ்தாவுக்குச் செல்லம் அதிகம்.

அவள் மூன்று குளிசைகளை எண்ணிப் போத்தல் மூடியில் வைத்தாள். முக்காட்டை இழுத்தாள். வழக்கம்போல் உள்சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

அங்கே நதீராவின் கண்ணாடி அலுமாரி இருந்தது. கல்யாணத்துக்கு வந்த தேத்தண்ணீர் செட், ஒரு நாளும் பாவிக்காதது. ஐந்து மாதம் அந்த அலுமாரிக்கு முன்னால் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இன்றைக்குக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"பிஸ்மில்லாஹ்" என்றார் மச்சான், சத்தமாக.

இடது கையில் லேஞ்சி விரிந்திருந்தது. மூடியை அந்தத் துணியில் கவிழ்த்தார். ஒரு குளிசையை இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டார். தண்ணீர் குடித்தார். லேஞ்சியை மடித்து வாயைத் துடைத்தார். சட்டைப் பைக்குள் வைத்தார்.

மற்ற இரண்டும் லேஞ்சிக்குள் போயின.

"அல்ஹம்துலில்லாஹ். போட்டு வாறன் மிஸ்."

பேனை அவள் விரலுக்குள் நின்றது. நூற்று நாற்பத்தேழாவது சரியை அவள் போடவில்லை.

குசினிக்குள் நதீரா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். றுஸ்தா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"லாத்தா, மச்சான் மருந்து குடிக்கல்ல. ஒண்டப் போட்டுட்டு ரெண்ட லேஞ்சிக்குள்ள ஒளிச்சாரு."

துருவல் நின்றது.

"நீ பாத்தியா?"

"கண்ணாடியில பாத்தன்."

நதீரா மறுபடியும் துருவத் தொடங்கினாள். முன்னையதை விட வேகமாக.

"வயித்துக்குள்ள எரிஞ்சிரிக்கும். ஆம்புளைகள் அப்பிடித்தான். நான் அவரோட கதைக்கன். இன்னும் பத்து நாள்ல கலியாணம், இப்ப இதப் பெருசாக்காத. ஸம்ஸியாட சட்டை தைச்சு வந்திரிக்கி, கொண்டு போய் அளவு பாத்திட்டு வா. கெதியாப் போ, பஸ் போயிரும்."

ஸம்ஸியா றிஸ்கானின் தங்கை. பாலமுனையில் வாப்பாவோடு இருக்கிறாள். உம்மா மவுத்தாகி நாலு வருடம். அவளுக்கும் இன்ஸாபுக்கும்தான் நிக்காஹ். அந்தப் பேச்சை எடுத்தவள், முடித்தவள், ஓடியாடி எல்லாம் செய்பவள் நதீரா.

சட்டைப் பையை எடுத்துக்கொண்டு றுஸ்தா இறங்கினாள். பஸ் சாய்ந்தமருதைத் தாண்டி, காரைதீவுச் சந்தியில் நின்று, நிந்தவூர் வயல்களுக்குள் நுழைந்தபோதும் ஒரு சொல் காதுக்குள் நுள்ளிக்கொண்டே இருந்தது. லாத்தா 'உண்மையாவா' என்று கேட்கவில்லை. 'நீ பாத்தியா' என்று கேட்டாள்.

கச்சான் காற்று மண்ணை வாரி எறிந்துகொண்டிருந்தது. ஸம்ஸியாவின் வீடு புதுச் சீமெந்து மணத்தோடு நின்றது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவான். தங்கச்சிக்கு வீட்டைக் கட்டி முடிக்கும்வரை காக்காமாருக்கு நித்திரை இல்லை. ஐந்து வருடமாக றிஸ்கான் ஓட்டோ ஓடியதெல்லாம் இந்தச் சுவராகத்தான் நின்றது.

"வாங்க மச்சி! சட்டை வந்துட்டா? காட்டுங்க, காட்டுங்க!"

ஸம்ஸியாவுக்கு இருபத்திரண்டு வயது. கதவைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்த்தாள். போன மாதம் அளவெடுத்த சட்டை தோளில் தொளதொளத்தது. இருமல் வந்து குனிந்தாள். நிமிர்ந்தபோது சிரித்தாள்.

"கச்சான் மண். தொண்டைக்குள்ள போய் இரிக்கி. மெலிஞ்சிட்டன் என்ன? ஊசிய எடுங்க, பிடிச்சித் தைப்பம். இவ்வளவு சத்துக் குளிசை குடிச்சும் ஒடம்பு வைக்கல்ல பாருங்க."

"என்ன சத்துக் குளிசை?"

அலுமாரித் தட்டிலிருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்து நீட்டினாள். அடியில் காவி நிறக் குளிசைகள் ஆறு ஏழு கிடந்தன.

அந்த நிறத்தை றுஸ்தா தூக்கத்திலும் சொல்வாள்.

"காக்கா வெள்ளிக்கு வெள்ளி கொண்டு வாற. நாளைக்கு ரெண்டு. பெரிய சத்து மச்சி, மூத்திரமெல்லாம் செவப்பாப் போகுது!" ஸம்ஸியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "முதல்ல நான் நல்லாப் பயந்துட்டன். மதினிதான் சொன்னா, சத்துக் கூடினா அப்பிடித்தான் போகும், கலியாணத்துக்கு முந்தி முகம் மினுங்கும் எண்டு."

"எந்த மதினி?"

"எனக்கு எத்தின மதினி இரிக்கி? நதீரா மதினிதான்."

ஊசி றுஸ்தாவின் கையிலிருந்து விழுந்தது. நிலத்தில் தேடுவதுபோல் குனிந்தாள். குனிந்தபடியே கேட்டாள்.

"எத்தின மாசமாக் குடிக்காய்?"

"அஞ்சு."

அவளுக்கு ரெண்டு, அவருக்கு ஒன்று. தொடக்கத்தில் நாலு குளிசை கொடுத்த காலத்தில் ஆளுக்கு இரண்டாக இருந்திருக்கும். அரை மருந்து கிருமியைக் கொல்லாது, மருந்துக்குப் பழக்கிவிடும். இது அவள் பயிற்சி வகுப்பின் முதல் நாள் எழுதிய வரி. ஒரு ஆளின் மருந்தை இரண்டு நெஞ்சுக்குப் பங்கு போட்டு, இரண்டு நெஞ்சிலும் கிருமியைப் பழக்கியிருக்கிறார்கள். அதற்கு நீல மையில் சரி போட்டவள் அவள்.

சொல்லாமல் எழும்பிப் போகலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கல்யாணச் சட்டையோடு நிற்கிற பெண்ணிடம் இதைச் சொல்வதா? பிறகு அந்த நினைப்பின் மேலேயே கோபம் வந்தது. எல்லாரும் இப்படித்தான் நினைத்து இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள்.

"ஸம்ஸியா, இது சத்துக் குளிசை இல்ல. கசத்துக்கு, காசநோய்க்குக் குடுக்கிற மருந்து. உன்ட காக்காட மருந்து."

"காக்காக்கு முட்டு இளைப்புத்தானே?"

"முட்டில்ல. கசம்."

ஸம்ஸியா சட்டையின் ஊக்கைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றாள்.

"அப்ப எனக்கும் கசமா?"

"சோதிச்சாத்தான் தெரியும். உன்னய ஒருத்தரும் சோதிக்கல்ல. இருமலக் கண்டுட்டு, காதுங்காதும் வெச்ச மாதிரி மருந்தக் கொண்டந்து தந்திரிக்காங்க."

"எனக்கு ரெண்டெண்டா காக்காக்கு?"

"ஒண்டு."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அழவில்லை. முகம் மட்டும் சட்டென்று வயதாகிப் போனது.

"எனக்குச் சொல்லியிருந்தா நான் கிளினிக்குக்குப் போயிரிப்பன் மச்சி. பஸ்ஸில ஏறிப் போயிரிப்பன். ஏன் ஒருத்தரும் என்னட்டச் சொல்லல்ல? நான் என்ன, ஆடா மாடா, தீனிக்குள்ள வெச்சி மருந்து குடுக்க?"

றுஸ்தா போத்தலின் மூடியை இறுக்கினாள்.

"அவருக்குத் தெரியுமா?" இன்ஸாபைத்தான் கேட்டாள்.

"தெரியா."

"நீங்க சொல்ல வாணாம். நான்தான் சொல்லுவன். இன்னைக்கே சொல்லுவன். என்ட நெஞ்சு, என்ட வாய்."

"நாளைக்கு வெள்ளென வாறன். ரெண்டு பேரும் கிளினிக்குக்குப் போவம். கசமெண்டாலும் பயப்பிடாத, ஒழுங்கா மருந்து குடிச்சாச் சுகம் வரும். இந்தப் போத்தல நான் கொண்டு போறன்."

படலை வரை வந்து, ஸம்ஸியா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள். யாரும் சொல்லாமலே வாயைச் சாறித் தலைப்பால் மூடினாள்.

பஸ்ஸில் றுஸ்தா மச்சானுக்குப் போன் எடுத்தாள். அந்தப் பக்கம் சந்தைச் சத்தம், ஹோன் சத்தம்.

"சொல்லுங்க கிறாஜுவேட் மிஸ்!"

"அவளுக்கு ரெண்டு, உங்களுக்கு ஒண்டா மச்சான்?"

ஓட்டோ இஞ்சின் அணைவது கேட்டது.

"அவ சின்னப் புள்ள றுஸ்தா. உம்மா மவுத்தாகக்க என்ட கையப் பிடிச்சித் தந்துட்டுப் போன புள்ள."

"நானும் உங்கட கையப் பிடிச்சித்தான் கெம்பஸ் போனன்."

அவள் துண்டித்துவிட்டாள். பக்கத்துச் சீட்டுப் பெண் பையை நகர்த்திவைத்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். நல்லது. யாரும் பார்க்கக் கூடாத முகம்தான் அப்போது அவளுடையது.

மூன்றரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் ஜாம் போத்தலைக் குசினி மேடையில் வைத்தாள். நதீரா அதைப் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை.

"ஓம்," என்றாள். "தெரியும்."

"எப்ப இருந்து?"

"முதல் கிழமையில இருந்து."

"அஞ்சு மாசம். ஒவ்வொரு நாளும் காலம இந்தக் குசினிக்குள்ள நிண்டு நான் சரி போடுறதப் பாத்துக்கிட்டு இருந்திரிக்கீங்க."

"மெதுவாக் கதை. சுவரெல்லாம் காது."

"கேக்கட்டும்!"

நதீரா அடுப்பை அணைத்தாள். "நீ படிச்சவள், உனக்கு எல்லாம் லேசு. அந்தப் புள்ளைக்கு ஒரு அட்டை விழுந்தா, பாலமுனை முழுக்கத் தெரிய வரும். சுகாதாரப் பரிசோதகர்ர மோட்டர்சைக்கிள் வாசல்ல நிண்டாப் போதும். கலியாணம் நிண்டு போகும்."

"மாப்பிள யாரு லாத்தா? வெளியாளா? எங்கட காக்காதானே! கசத்துக்குப் பயந்து ஓடுற ஆளா இன்ஸாப் காக்கா? ஒரு சொல்லு கேட்டீங்களா அவர்ட்ட?"

"வாணாமெண்டு சொல்லிட்டாண்டா? மறுகா என்ட புருஷன் இந்த வீட்டுல நிப்பாரா? 'உன்ட தம்பி என்ட தங்கச்சியத் தள்ளிட்டான்' எண்டு ஒரே ஒரு நாள் சொல்லிட்டு இறங்கிப் போனா, நான் எங்க போறது?"

"அதுக்காகக் காக்காவக் குடுத்து மச்சான வெச்சிக்கிட்டீங்க. அந்த மச்சானும் இப்ப கிருமியோட நிக்காரு. ஸம்ஸியா தேஞ்சி போய் நிக்காள். யாரக் காப்பாத்தினீங்க லாத்தா?"

நதீரா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சுகம் வந்துரும் எண்டுதான் நினைச்சன். ரெண்டாம் மாசம் அவருக்குக் கிருமி இல்லயெண்டு வந்துதுதானே? பாதியிலயும் சுகம் வருது எண்டுதான்..."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே! நான் பக்கத்து அறையிலதானே படுக்கன்!"

"நீ காட்டிக் குடுத்திரிப்பாய்."

"ஓம், குடுத்திரிப்பன். காட்டிக் குடுத்திருந்தா ரெண்டு பேரும் இன்னைக்குச் சுகமாயிரிப்பாங்க."

கேட்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவெடுத்திருந்த கேள்வியை றுஸ்தா கேட்டாள்.

"நான் முகத்தத் திருப்புவன் எண்டு மச்சானுக்கு எப்பிடித் தெரியும்? முதல் நாளே லேஞ்சியோடதான் வந்தாரு. நான் பாக்க மாட்டன் எண்டு யாரு சொன்ன?"

நதீரா அணைத்த அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள்.

"யாரு சொன்ன லாத்தா?"

"நான்தான்." குரல் மிகச் சிறியதாக வந்தது. "நீ ஒரு நாளும் வாய் பாக்க மாட்டாய் எண்டு நான்தான் சொன்னன்."

றுஸ்தாவின் தொடையில், இருபது வருடத்துக்கு முந்தைய அந்த இடம் எரிந்தது. அந்தக் கிள்ளலைக் கூட இத்தனை நாளும் பாசம் என்றுதான் வைத்திருந்தாள். பசியில் நின்ற பிள்ளைக்கு லாத்தா கற்றுக்கொடுத்த வெட்கம் அது. அந்த வெட்கத்துக்குப் பின்னால்தான் லாத்தா தன் புருஷனின் லேஞ்சியை ஒளித்து வைத்திருக்கிறாள்.

தொலைபேசி அடித்தது. நாலு மணி. கிருசிகா மிஸ்.

நதீரா அவளுடைய கையைப் பிடித்தாள். "அல்லாவுக்காகப் புள்ள. பாத்தன் எண்டு சொல்லு. பத்து நாள்தான். கலியாணம் முடியட்டும், அவரக் கெஞ்சி முழுசாக் குடிக்க வைக்கன். பாக்கல்லயெண்டா உன்ட வேலயும் போயிரும்."

றுஸ்தா அந்தக் கையைக் கழற்றினாள். கோபமாக அல்ல, வளையலைக் கழற்றுவதுபோல் மெதுவாக.

"சொல்லுங்க றுஸ்தா. டொக்டர் பக்கத்தில இருக்கார். பாத்தீங்களா?"

"இல்ல மிஸ். பாக்கல்ல."

"எத்தின நாள்?"

"ஒரு நாளும் பாக்கல்ல. முகத்தத் திருப்பிக்கிட்டுத்தான் சரி போட்டன். அட்டையில இரிக்கிற நூற்று நாற்பத்தாறும் பொய். பிழை என்டது. மத்த மூணு பேர்ர அட்டையும் உண்மை, அதுகள நம்புங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். கிருசிகா திட்டவில்லை.

"இத நீங்க சொன்னது பெரிய காரியம். சளிய மேல் சோதனைக்கு அனுப்புவம், அதுக்குப் பிறகுதான் மருந்து. ஆனா ஒண்டு கேக்க வேணும். அவர் குடிக்காத குளிசையெல்லாம் எங்க போச்சு?"

மேடையில் ஜாம் போத்தல் இருந்தது.

"நாளைக்குக் காலம கூட்டிக்கிட்டு வாறன் மிஸ்."

"குளிசையயா?"

"ஆளை."

தொலைபேசியை வைத்துத் திரும்பியபோது வாசலில் இன்ஸாப் நின்றான். கைக்குள் அச்சகத்திலிருந்து எடுத்துவந்த கல்யாண அழைப்பிதழ்க் கட்டு. மற்றக் கையில் இன்னும் வெளிச்சம் அணையாத போன். எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியவில்லை. செருப்பைக் கூடக் கழற்றியிருக்கவில்லை.

"ஸம்ஸியா எடுத்தா," என்றான்.

செருப்போடேயே உள்ளே வந்தான்.

"கசத்துக்கு மருந்திரிக்கி. அதப் பத்தி எனக்கொண்டுமில்ல. நாளைக்கு நானும் கிளினிக்குக்கு வாறன், அவளோட." அழைப்பிதழ்க் கட்டை மேசையில் வைத்தான். அது மச்சானின் மருந்து அட்டையின் மேல் போய் உட்கார்ந்தது. "எல்லாத்தையும் சொன்னா. ஒண்ட மட்டும் சொல்லல்ல. சத்துக் குளிசையெண்டு யாரு சொல்லித் தந்த எண்டு கேட்டன். 'வீட்ட போய்க் கேளுங்க' எண்டுட்டா."

அவன் நதீராவைப் பார்த்தான். உம்மாவைப் பார்ப்பதுபோல் இருபது வருடமாகப் பார்த்துவந்த அதே பார்வைதான். அதில் இன்னும் நம்பிக்கை இருந்தது. அதைத்தான் றுஸ்தாவால் தாங்க முடியவில்லை.

"லாத்தா, உங்களுக்கு இது தெரியுமா?"

நதீரா இன்ஸாபைப் பார்க்கவில்லை, றுஸ்தாவைத்தான் பார்த்தாள். முகாமில் சோறு தீர்ந்துபோன நாட்களில் இப்படித்தான் பார்ப்பாள். உடனே ஐந்து வயது றுஸ்தா, "எனக்கு வயிறு நிறைஞ்சிட்டு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்வாள். அந்தப் பொய்யைத்தான் இப்போதும் லாத்தாவின் கண்கள் கேட்டன.

றுஸ்தா அதைக் கொடுக்கவில்லை.

நதீராவின் உதடுகள் மெல்லப் பிரிந்தன.

முக்காடு தோளில் சரிந்து கிடக்க, றுஸ்தா அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த முறை அவள் முகத்தைத் திருப்பவில்லை.